பனாமாக் கால்வாயும் பாரிஸ் பத்திரிகைகளும்

கொழும்பில் நான் நிருபராகப் பணியாற்றிய நாட்களில், சில நிறுவனங்களின் செய்தியாளர் மாநாடுகளில் தரப்படும் கோப்புக்குள் ஒரு கடித உறையும் இருக்கும். போக்குவரத்துச் செலவு என்று அதற்குப் பெயர். அதை நினைக்கும்போதெல்லாம் பனாமாக் கால்வாய்க் கம்பனியின் கணக்கில் ‘விளம்பரம்’ என்று எழுதப்பட்ட செலவே என் ஞாபகத்துக்கு வரும்.

1869இல் சுயெஸ் கால்வாயைத் திறந்து பெரும் புகழ் ஈட்டியவர் பேர்டினண்ட் டி லெசப்ஸ். (காலித் துறைமுகம் மங்கிக் கொழும்பு எழுந்ததற்கும் அக்கால்வாய் ஒரு காரணம்.) அவர் அடுத்துப் பனாமாவில் கால்வைத்தார். 1879இல் 40 கோடி பிராங்க் திரட்டப் பங்குகளை வெளியிட்டபோது கிடைத்தது ஏறக்குறைய 3 கோடியே. வங்கியாளர்களையும் பத்திரிகைகளையும் ‘கவனியாது’ விட்டதன் பலன் அது. அடுத்த ஆண்டு கவனித்தார். எள்ளி நகையாடிய ஏடுகளே போற்றிப் பாடின. விற்பனைக்கு விட்ட பங்குகளைப் போல் இரு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன.

இதில் ஒளிவுமறைவு அதிகம் இருக்கவில்லை. பாரிஸ் பத்திரிகைகள் பல, தமது நிதிப் பத்திகளை வங்கியாளர்களுக்குக் குத்தகைக்கே விட்டிருந்தன. பனாமாவிலோ மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஜூல் டிங்லர் தம் மகளையும் மகனையும், பின்னர் மனைவியையும் அங்கே பறிகொடுத்தார். பெரும்பாலான பாரிஸ் ஏடுகளிலோ கால்வாய் தினந்தோறும் வளர்ந்துகொண்டிருந்தது.

1889 பெப்ரவரியில் கம்பனி கலைக்கப்பட்டது. ஏறக்குறைய 8 இலட்சம் பேரின் சேமிப்பு அதனுடன் போயிற்று. பெரும்பாலோர் சிறுகச் சிறுகச் சேர்த்த எளியவர்கள். பத்திரிகைகளுக்குப் போன தொகை 1 கோடி பிராங்குக்கு மேல்.

என் கதை ஒன்றையும் இங்கு சொல்லியாக வேண்டும். உறையை நான் வாங்கியதில்லை. ஆனால் ஒரு கம்பனியின் செலவில் ஒருமுறை வெளிநாடு சென்று வந்தேன். பொய் எதுவும் எழுதவில்லை. சில வருடங்களின் பின், நான் செய்தி ஆசிரியராயிருந்தபோது, அக்கம்பனித் தொழிலாளரின் வேலைநிறுத்தச் செய்தி என் மேசைக்கு வந்தது. முதற்பக்கத்துக்குரிய அதனை உட்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாகச் சுருக்கினேன். அப்படிச் செய்யும்படி எவரும் கேட்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை.

பாரிஸிலும் உண்மை வெளிவரவே செய்தது. வந்த வழிதான் கொடிது. 1892இல் ஊழலை அம்பலப்படுத்தியது எட்வார் ட்ருமோன் நடத்திய ‘லா லீப்ர் பரோல்’. சுதந்திரப் பேச்சு என்பது அப்பெயரின் பொருள். யூத வெறுப்பு அதன் பிழைப்பு. இலஞ்சம் பகிர்ந்தோரில் ஒருவரான யூத நிதியாளர் ஜாக் டி ரைனாக், தன் பெயரை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டு ஏனையோர் பற்றிய தகவல்களை அந்த ஏட்டுக்கே கொடுத்தார். மதிப்புமிக்க பத்திரிகைகள் காசுக்கு வாய்மூடியிருந்தமையால், ஏமாந்த மக்களுக்கு ட்ருமோனே உண்மை விளம்பியாகத் தோன்றினார். இலஞ்சம் வாங்கிய கைகள் பலவாயிருக்க, அவர் பழியை ஓர் இனத்தின்மேல் சுமத்தினார். அரசியல்வாதிகளில் சிறைத்தண்டனை அனுபவித்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட முன்னாள் அமைச்சர் ஒருவரே.

ஈராண்டுகளின் பின், 1894 நவம்பரில், டிரைபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி, செய்யாத குற்றத்துக்குக் கைதானதைத் துரோகியின் கைது எனப் பெருந் தலைப்பிட்டு முழங்கியதும் இதே பத்திரிகைதான். அப்போது அதனை நம்புவதற்கு வாசகர்கள் ஆயத்தமாக இருந்தனர்.