பட்டா இல்லாத உழவரும் பாதுகாப்புத் திட்டங்களும்

'விவசாயி' என்னும் சொல்லை அரசின் ஆவணங்கள் பெரும்பாலும் நிலவுடைமையாளர் என்ற பொருளிலேயே ஆள்கின்றன. வறட்சியிலும் வெள்ளத்திலும் எந்தக் குடும்பம் தாக்குப்பிடிக்கும், எது கந்துவட்டிக்குள் வீழும் என்பதைப் பாதியளவு இச்சொல்லாட்சியே தீர்மானித்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையைச் சார்ந்து வாழும் தலித்துகளில் பத்தில் ஏழு பேர் கூலித் தொழிலாளர்கள். இந்நிலை தானாக வந்ததன்று. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு நேர்ந்த கதியை நாம் அறிவோம்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம் நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர் விதை, உரம், உழைப்பு அனைத்தையும் தாமே இட்டாலும், பணம் பட்டாதாரரின் கணக்கில்தான் சேரும். பயிர் இழப்பீட்டிலும் இதே சிக்கல்தான்: அடங்கலில் பெயரில்லாதவர் தமது இழப்பை மெய்ப்பிக்க வழியில்லை. தமிழ்நாட்டின் உழவர் பாதுகாப்புத் திட்டம் குத்தகைதாரரையும் வேளாண் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது ஒரு நல்ல விலக்கு.

நிலமற்றோரின் கைகளுக்கு நேராக வந்தவை இரண்டு. ஒன்று, நியாயவிலைக்கடை அரிசி. தமிழ்நாட்டில் பொது விநியோகம் அனைவருக்குமானதாக நீடிப்பதால், வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்க ஊர்ப் பெரியவர்களின் தயவை நாடவேண்டிய இழிவு இங்கு குறைவு. மற்றொன்று, 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நூறு நாள் வேலை. வடமாவட்டங்களில் மக்கள் இதனை 'ஏரி வேலை' என்பர். இதன் பயனைக் கூலித்தொகையால் மட்டும் அளப்பது பிழை. அடுப்பெரிய வேறொரு வழி இருக்கும்போதுதான், சேரிப்பெண் ஒருவர் ஆண்டையின் வயலுக்கு வர மறுக்கவோ, வருவதற்குக் கூலி பேசவோ இயலும். 'நூறு நாள் வேலையால் ஆள் கிடைப்பதில்லை' என்ற நிலவுடைமையாளரின் புலம்பலை நாம் இத்திட்டத்திற்கான நற்சான்றாகவே படிக்கிறோம். தலித், பழங்குடியினரின் சொந்த நிலத்தில் கிணறும் பண்ணைக்குட்டையும் வெட்ட அச்சட்டத்தில் இடமிருந்தது; சிறு துண்டு நிலம் உடையவருக்கு அதுவே அடுத்த வறட்சிக்கான காப்பு. இப்பணிகள் கிராமசபைகளில் போதிய அளவு கோரப்படவில்லை என்பதே நம் கணிப்பு.

சாதி இத்திட்டத்திற்குள்ளும் நுழைந்தது. 2021-22இல் ஊதியத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிறர் எனப் பிரித்து வழங்க ஒன்றிய அரசு முற்பட்டது. ஒரே ஏரியில் ஒரே நாளில் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாள்களில் கூலி சேர்ந்தது. எதிர்ப்புக்குப் பின்னரே அம்முறை கைவிடப்பட்டது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாள்களை 125 ஆக உயர்த்துகிறது. ஆனால் விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள்கள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வகை செய்கிறது. கூலி பேசும் வலிமை தொழிலாளிக்கு மிகுதியாக இருப்பது அந்த நாள்களில்தான். பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்கவேண்டும் என்பதால், நிதி இறுகும் ஆண்டுகளில் வேலை கோரும் விண்ணப்பங்கள் பதிவாகாமலே போகக்கூடும். கிராமசபைக்குச் செல்லும் தோழர்கள் விண்ணப்பத்தை எழுத்தில் தந்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் பெறவேண்டும். அச்சீட்டு இல்லாமல் வேலையில்லாக் காலப்படியைக் கோருவது கடினம்.