கடவுச்சீட்டு இல்லாத பயணம்

அயல்நாட்டுப் பயணம் என்றதும் கடவுச்சீட்டும் விமான நிலையமும் நம் நினைவுக்கு வருகின்றன. இராமநாதபுரம் கடற்கரையில் வாழும் எளிய மக்கள் பலருக்கோ முதல் அயல்நாட்டுப் பயணம் மீன்பிடிப் படகிலேயே அமைகின்றது. சில மணி நேரக் கடல்வழி, ஓர் இரவுத் தங்கல், மறுநாள் கரை திரும்புதல். கச்சத்தீவில் கோயில் கொண்டுள்ள புனித அந்தோணியாரின் திருவிழாவுக்குச் செல்லும் பயணம் அது.

இராமேசுவரத்திற்கும் நெடுந்தீவுக்கும் இடையே, பாக் நீரிணையில் கிடக்கும் அத்தீவின் பரப்பு 285 ஏக்கர். அங்குக் குடிநீர் இல்லை. நிலையாகக் குடியிருப்போரும் இல்லை. இரு கரை மீனவரும் வலை உலர்த்தவும் இளைப்பாறவும் ஒதுங்கிய இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் அங்கு அந்தோணியாருக்குச் சிற்றாலயம் எழுப்பினார் என்பது கரையோர மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. ஊரே இல்லாத இடத்தில் கோயில் எழுந்தது. ஆண்டுக்கொரு முறை அக்கோயிலைச் சுற்றி ஊர் ஒன்று உருவாயிற்று.

1974 ஜூனில் இந்திராகாந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை கடலில் எல்லைக்கோட்டை வரைந்தது. தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் அக்கோடு விழுந்தது. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. அதன் நியாயங்கள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. அதே உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே தீவுக்குச் சென்று வரலாம். அதற்கெனப் பயண ஆவணமோ நுழைவு அனுமதியோ இலங்கை கேட்காது என்கிறது அப்பிரிவு. கோடு வரைந்த கைகளே அதில் ஒரு வாயிலையும் திறந்து வைத்தன. அரசுகள் எழுதும் ஒப்பந்தங்களில் ஏழையின் நேர்ச்சைக்கு இடம் கிடைப்பது அரிது. இங்கே கிடைத்தது.

அவ்வாயில் என்றும் திறந்தே இருக்கவில்லை. 1983-இல் இலங்கையில் மூண்ட போர் திருப்பயணத்தைத் தடுத்தது. போர் 2009-இல் முடிந்தபின், 2010 முதல் படகுகள் மீண்டும் புறப்பட்டன. 2016 டிசம்பரில் பழைய கோயிலின் அருகே புதிய ஆலயம் திறக்கப்பட்டது. தவக்காலத்தை ஒட்டி வரும் இவ்விழாவில் கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் தேர்ப்பவனியும் மறுநாள் காலைத் திருப்பலியும் நடைபெறுகின்றன. யாழ்ப்பாணத்துப் பங்கு மக்களும் நம்மவரும் ஒரே மொழியில் செபிக்கின்றனர். கடல் பிரித்த உறவினர் சிலர் ஒருவரையொருவர் காண்பதும் அங்குதான்.

ஆயினும் அருகருகே முழந்தாளிடும் அவ்விரு சாராரிடையே தீராத வழக்கொன்று உண்டு. நம் கரை விசைப்படகுகளின் இழுவை மடிகள் கடலடியை வாரிச் செல்கின்றன. போர்க்காலத்தில் கடலுக்குச் செல்ல முடியாதிருந்த வடபகுதி மீனவர், மீண்டும் சிறுபடகில் இறங்கியபோது தம் வலைகள் அறுபடக் கண்டனர். இலங்கை 2017-இல் அம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. நம் மீனவரோ கைதும் சிறையும் படகிழப்பும் கண்டு கலங்குகின்றனர். படகோட்டிகள் சிறையிலடைக்கப்பட்டதைக் கண்டித்து, 2024-இல் இராமேசுவரத்திலிருந்து திருப்பயணப் படகுகள் புறப்படவில்லை. எழுதப்பட்ட உரிமை அப்படியே இருந்தது; நம்பிக்கையே குன்றியிருந்தது.

அந்தோணியாரின் வாழ்வும் எல்லைகளைக் கடந்ததே. லிஸ்பனில் பிறந்த அவர், மொராக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவியரின் திருவுடல்கள் போர்த்துகலுக்குக் கொண்டுவரப்பட்டபோது உள்ளம் கனன்றார். தாமும் அச்சபையில் சேர்ந்து மொராக்கோவுக்குக் கப்பலேறினார். அங்கே நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. தாயகம் திரும்புகையில் புயல் கப்பலைச் சிசிலித் தீவில் சேர்த்தது. அவர் 1231-இல் இறந்தது பதுவை நகரின் அருகில். இன்று உலகம் அவரை அந்நகரின் பெயராலேயே அழைக்கிறது. காற்று ஒதுக்கிய அந்நியரைத் தம்மவராக ஏற்றுக்கொண்ட நாட்டினால் நமக்கு ஒரு புனிதர் கிடைத்தார். அலையில் அகப்பட்ட மீனவர் அவரைத் துணைக்கு அழைப்பதன் பொருத்தம் இதில் விளங்கும்.

நேர்ச்சையுடன் அத்தீவில் இறங்குவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. இரவில் தம் அருகே மெழுகுதிரி ஏற்றுபவர், பகலில் அதே கடலில் வலை விரிப்பவர். அவருடைய வலையும் நம்முடைய படகும் ஒருங்கே காப்பாற்றப்பட வேண்டும் என்று மன்றாடுவோர் இரு கரையிலும் பெருகட்டும். 1974-இல் திறந்த வாயில் அடைபடாதிருக்க அம்மன்றாட்டு வேண்டும்; கரை திரும்பியபின் அதற்கேற்ற நடத்தையும் வேண்டும்.