"இந்தச் சேனல் சூப்பர், பாருங்க!" வாட்ஸ்அப் குழுவில் கல்வி வீடியோ லிங்க் போடும் முன் கவனிக்க வேண்டியவை

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் போதும், பெற்றோர், மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க் மழைதான். "இதை மட்டும் பார்த்தா போதும்" என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு லிங்க். யார் நடத்தும் சேனல், எந்தப் பாடத்திட்டம் என்ற விவரமே இருக்காது. லிங்க்கைத் திறப்பவர், அனுப்பியவரை நம்பித்தான் திறக்கிறார். அந்த நம்பிக்கையில் மாணவரின் படிப்பு நேரமும், சில சமயம் பெற்றோரின் வங்கிக் கணக்கும் சிக்கிக்கொள்கிறது. அப்படியானால், அனுப்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பழைய பாடமா, புதிய பாடமா?

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. 10, 12ஆம் வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு மாறின. எனவே 2016-ல் பதிவேற்றிய பிளஸ் 1 கணித வீடியோ எவ்வளவு அருமையாக இருந்தாலும், அது இப்போதைய புத்தகத்தைப் பார்த்து எடுத்தது கிடையாது. நீட் தேர்வுக்கும் இதே கதைதான். 2024 தேர்வுக்காகப் பாடத்திட்டம் திருத்தப்பட்டு, சில பகுதிகள் நீக்கப்பட்டன. பழைய பிளேலிஸ்ட்டை நம்பினால், தேர்விலேயே வராத பாடத்துக்கு நாள்கணக்கில் நேரம் போகும். வீடியோவுக்குக் கீழே உள்ள பதிவேற்றத் தேதியை முதலில் பாருங்கள்.

டிக் இருந்தால் போதுமா?

போதாது. யூடியூப்பில் 1 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்ட சேனல்கள் டிக் அடையாளத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பெயரில் உள்ளவர்தான் சேனலை நடத்துகிறார் என்பதற்கே அந்த டிக். பாடம் சரியா, தப்பா என்று யூடியூப் சரிபார்த்ததாக அர்த்தம் இல்லை. டிக் இல்லாத சின்ன சேனலில் ஒரு நல்ல ஆசிரியர் இருக்கலாம். ஒரு பாடத்தையாவது முழுசா பார்த்து, ஒரு கணக்கைப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். பிழையைச் சுட்டிக்காட்டிய கமெண்ட்டுகள் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள்.

லிங்க்கை எப்படிப் படிப்பது?

முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு வரும். அதற்குப் பிறகு அடுத்த சாய்கோடு வரை உள்ள பகுதிதான் தளத்தின் பெயர். அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'யூடியூப் டாட் காம்' என்று முடிந்தால் சரி. முன்னால் யூடியூப் என்று இருந்து, முடிவில் வேறு பெயர் வந்தால் அது வேறு தளம்.

"வீடியோ பார்க்க இந்த ஆப்பை இறக்குங்க" என்று ஏபிகே ஃபைல் வந்தால் தொடவே வேண்டாம். யூடியூப் வீடியோ பார்க்க ஓடிபியும் தேவையில்லை, வங்கி விவரமும் தேவையில்லை. மத்திய அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தருவதாகப் பரவிய லிங்க்குகளை, பிஐபி உண்மை கண்டறியும் பிரிவு பலமுறை பொய் என்று அறிவித்துள்ளது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

* கல்வி தொலைக்காட்சி: தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை நடத்துகிறது. 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. யூடியூப்பிலும் பார்க்கலாம்.
* பாடநூல் கியூஆர் குறியீடு: மாநிலப் பாடநூல்களிலேயே அச்சாகியுள்ளது. ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோக்களுக்குப் போகலாம்.
* என்பிடெல்: ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துவது. பொறியியல், அறிவியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு உதவும்.
* கான் அகாடமி: லாப நோக்கற்ற அமைப்பு. ஆங்கிலத்தில் கணிதம், அறிவியல் அடிப்படைகளைக் கற்க ஏற்றது.

எப்படிப் பகிர்வது?

வெறும் லிங்க்கைப் போடாமல் இப்படி எழுதலாம்: "பிளஸ் 1 இயற்பியல், மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. 3ஆவது பாடம் வரை பார்த்தேன், புத்தகத்தோடு ஒத்துப்போகுது. இலவசம்தான். ஆனா விளக்கப் பகுதியில கட்டண வகுப்பு விளம்பரம் இருக்கு." இவ்வளவு சொன்னால், தேவைப்படுபவர் மட்டும் திறப்பார்.

சேனல் உங்களுடையதோ, உறவினருடையதோ என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வெளி லிங்க் வேண்டாம் என்று விதி உள்ள குழுவில் முதலில் அட்மினிடம் கேளுங்கள். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி, பல கைகள் மாறி வந்தது. அதை நீங்களே திறந்து பார்க்காமல் அடுத்தவருக்குத் தள்ள வேண்டாம்.

தவறான லிங்க் போய்விட்டதா? அனுப்பிய சுமார் இரண்டரை நாட்கள் வரை, 'அனைவருக்கும் நீக்கு' என்ற வசதியை வாட்ஸ்அப் தருகிறது. நீக்கியதோடு நிறுத்தாமல், "அந்த லிங்க்கைத் திறக்காதீங்க" என்று குழுவில் ஒரு வரி போடுங்கள். ஏற்கெனவே திறந்தவர்களுக்கு அதுதான் எச்சரிக்கை.