பட்டாசாலையும் பதினான்கு அங்குலமும்

2025 தீபாவளிக்கு முன்பு, கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊருக்கு நானும் தம்பியும் போயிருந்தோம். அம்மாவுக்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கித் தருவதாகத் தம்பி சொல்லியிருந்தான். முந்தின நாள் கோவில்பட்டிக் கடையொன்றில் விசாரித்தபோது, விற்பனையில் இருந்த இளைஞர் முதலில் கேட்ட கேள்வி, "ஹால் எத்தனை அடி, சார்?" என்பதுதான். தம்பி தயங்காமல் "பத்துக்குப் பதினொண்ணு" என்றான். எனக்குத்தான் அந்த 'ஹால்' எதுவென்று விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஓர் அறை என்றைக்கும் இருந்ததில்லை. அங்கே இருப்பது பட்டாசாலை. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அல்ல என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கரிசல் காட்டுச் சம்சாரி வீட்டில் தெருவை ஒட்டித் திண்ணை, அதைத் தாண்டி நிலைவாசல், உள்ளே பட்டாசாலை, அதற்கும் உள்ளே அடுப்படி. நெல்லைச் சீமை முழுவதும் வழங்கும் சொல் பட்டாசாலை. அமர்ந்து பொழுதுபோக்குவதற்கென்று கட்டப்பட்ட இடமன்று அது. பருத்தி வெடிக்கும் காலத்தில் கூரை முட்டப் பருத்தி கிடக்கும். வற்றல் பழுத்துக் காய்ந்தால் மூட்டைகள் அடுக்கப்பட்டு வீடே நெடியேறும். மழை பெய்தால் கம்புக் குதிருக்கு இடம் அதுவே. பிள்ளைப்பேறும் அங்கே, நோயாளிக்குக் கட்டிலும் அங்கே. மழை பொய்த்த ஆண்டுகளில் காட்டு வேலை இல்லாமல் போய், பெண்கள் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பெட்டி ஒட்டும் பசைச் சட்டியும் அங்கேதான் வந்தமர்ந்தது. வந்தவர் அமர்ந்து பேசும் இடம் திண்ணை. யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் நிலைவாசல் தாண்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி வெளிவந்தது 1982இல். இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கிய ஆண்டும் அதுவே. இந்தப் பக்கத்துச் சொற்கள் அச்சேறிய ஆண்டிலேயே அச்சொற்களுக்குரிய வீடுகளை மாற்றப்போகும் கருவி வண்ணம் பெற்றது என்பது தற்செயல்தான். ஆனாலும் நினைக்குந்தோறும் ஏதோ செய்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதனால் கோவில்பட்டிக்கு ஒரு பயனும் விளையவில்லை. சென்னையின் அலைகள் இவ்வளவு தொலைவு வாரா. தென்கோடி மக்கள் தம் வீட்டுப் பெட்டியில் முதலில் கண்ட படம், பலருக்கும் அயல்நாட்டுப் படம். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், தூத்துக்குடிக் கடற்கரையில் உயரமான கம்பங்களில் ஆண்டெனாக்கள் தென்கிழக்கு நோக்கி நின்றன. பிதுருதலாகலை மலையுச்சியிலிருந்து புறப்பட்ட அலை கடலைக் கடந்து, காற்று ஒத்துழைத்த இரவுகளில் உள்நாட்டிலும் எட்டிப்பார்த்தது. பின்னர், 1980களின் பிற்பகுதியில், கொடைக்கானல் மலையிலிருந்து அஞ்சல் ஒளிபரப்பு வந்தது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தாலும், இடையே மறைக்க மலையில்லாத பொட்டல் கரிசலுக்கு அது பெருங்கொடை. ஆண்டெனாக்கள் வடக்கே திரும்பின.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையின் அளவு என்பது அகலமுமன்று, உயரமுமன்று. மூலைக்கு மூலை ஓடும் மூலைவிட்டம். பழைய பெட்டிகளில் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று என்ற விகிதம். ஆகவே 20 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் சரியாக 12 அங்குலம். அன்றைய ஒளிபரப்பு 625 கோடுகளால் ஆனது. அருகே சென்றால் கோடுகள் தெரியும். படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளியமர்ந்தால் கோடுகள் ஒன்றுகூடி முகம் முகமாகும் என்பது பொறியாளர் கணக்கு. 20 அங்குலத்துக்கு அது ஆறடி. நம்மூர்ப் பட்டாசாலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இல்லையா? இன்னொன்றும் உண்டு. அலை வலுக் குறைந்த ஊர்களில் படத்தோடு புள்ளிகளும் சேர்ந்து பறக்கும். திரை பெரிதானால் அப்புள்ளிகளும் பெரிதாகும். ஆகவே பெரிய பெட்டி வாங்கியவர் பெரிய படத்தைப் பெற்றாரோ இல்லையோ, பெரிய புள்ளிகளைப் பெற்றார்.

எங்கள் தாத்தா 1987இல் வாங்கியது 20 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. சாலிடேர், டயனோரா என்ற சென்னைப் பெயர்கள் ஊர்தோறும் ஒலித்த காலம். மரக்கூடு, முன்னால் இருபுறமும் இழுத்து மூடும் மரக்கதவு, பூட்டுக்கு இடம். எனக்கு அப்போது எட்டு வயது. தாத்தா எந்த அடிக்கணக்கும் பார்க்கவில்லை. பெட்டியைப் பட்டாசாலையின் உள்சுவர் ஓரமாக, நிலைவாசலுக்கு நேரே வைத்தார். ஞாயிறு காலை இராமாயணம், வெள்ளி இரவு ஒலியும் ஒளியும், ஞாயிறு மாலைத் திரைப்படம். ராமானந்த் சாகரின் தொடர் 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஓடியது. இந்தி ஒரு சொல்லும் தெரியாத ஊர் அதை ஒருவாரம்கூட விடாமல் பார்த்தது. கதை தெரிந்தவர்களுக்கு மொழி எதற்கு?

உட்கார்ந்த வரிசையை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். கட்டிலில் தாத்தாவும் அவர் வயதொத்தவர்களும். தரையில் எங்கள் தெருப் பெண்களும் பிள்ளைகளும். திண்ணையில் மற்ற சில சாதியார். கீழத்தெரு மக்களோ, திண்ணைக்கும் கீழே தெருவில் நின்றார்கள். அங்கிருந்து பெட்டி இருபதடிக்கு மேல். பன்னிரண்டு அங்குல உயரப் படத்தை அவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. கூட்டம் நெருங்கி வாசலடைத்தால் பாட்டி எழுந்து மரக்கதவை இழுத்து மூடிவிடுவாள். கீழத்தெருப் பிள்ளைகள் படியேறிவிட்டார்கள் என்பதற்காக ஒருநாள் அவள் அப்படி மூடியதும், தெருவில் சற்று நேரம் சத்தமே இல்லாமல் இருந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படம் போய்விட்டதே என்றுதான் நான் அன்று அழுதேன். அதற்குமேல் எனக்கு எதுவும் உறைக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும்.

பிறகு பஞ்சாயத்துத் தொலைக்காட்சிகள் வந்தன. சிறிய கான்கிரீட் கட்டடம், இரும்புக் கதவுக்குள் பெட்டி, முன்னால் வெட்டவெளி. பஞ்சாயத்து வானொலிக்கு வாரிசு அது. எவர் வீட்டு வாசலும் ஏறாமல் படம் பார்க்க வழி செய்த வகையில் அதன் இடம் பெரிது. ஆனால் அந்த வெட்டவெளி ஊரின் எந்தப் பக்கம் இருந்தது, திறவுகோல் யார் கையில் இருந்தது என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் வரலாறு முழுமையாகும். என் மாணவி ஒருத்தியின் பாட்டி சொன்னார்: "டி.வி. பொதுதான் சார். சாவி பொது இல்லையே."

1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி வந்தது. கம்பிவடம் தெருத்தெருவாக நீண்டது. 21 அங்குல வண்ணப்பெட்டி கல்யாணச் சீர்வரிசைப் பட்டியலில் கட்டில், பீரோவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. அளவை இப்போது நிர்ணயித்தது அறையன்று. மாப்பிள்ளை வீட்டாரின் வாய். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை.

2006இல் வந்ததுதான் இவ்வரலாற்றின் நடுப்பகுதி. அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் இலவச வண்ணத் தொலைக்காட்சியைத் தி.மு.க. அறிவித்தது, ஆட்சிக்கு வந்தபின் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் வழங்கத் தொடங்கியது. அளவு 14 அங்குலம். கொள்முதல் செய்தது எல்காட் நிறுவனம். அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் குடும்ப அட்டைகளின்பேரில் வீடுகளுக்குச் சென்றன. 2011இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் நின்று, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலை 5இல் தீர்ப்பானது. தேர்தல் அறிக்கையில் அளிக்கும் இத்தகைய வாக்குறுதி சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கையாகாது என்றும், அறிக்கைகளுக்குத் தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

இலவசம் சரியா தவறா என்று அப்போது நடந்த விவாதங்களில் நானும் கலந்துகொண்டேன். கல்லூரி ஓய்வறையில் ஏளனமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பேச்சில் எவரும் கேட்காத கேள்வி, ஏன் பதினான்கு என்பது. விலை ஒரு காரணம் என்பது வெளிப்படை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 14 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ எட்டரை அங்குலம். அதன் ஆறு மடங்கு நாலடியும் சொச்சமும். கீழத்தெருக் காலனி வீட்டின் முன்னறை அவ்வளவுதான். சுவரோரம் பெட்டி, எதிர்ச்சுவரில் சாய்ந்து குடும்பம். தெருவிலிருந்து பார்க்க அந்தத் திரை உதவாது. பார்க்க வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லை. இருபதடிக்கு அப்பால் நின்று அசைவை மட்டும் கண்டவர்கள், நாலடியில் அமர்ந்து முகம் பார்த்தார்கள். அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலைபார்த்த கீழத்தெரு அத்தை ஒருவர், பெட்டி வந்த மறுநாள் சொன்னதாக அம்மா சொல்வாள்: "யக்கா, நேத்துத்தான் படத்துல கண்ணீர் வடியுறதப் பாத்தேன்." என் ஓய்வறைப் பேச்சு நினைவுக்கு வரும்போதெல்லாம் இந்த வாக்கியமும் வந்து நிற்கிறது.

அதோடு ஊர் ஒன்றுகூடிப் பார்த்ததும் முடிந்தது. பஞ்சாயத்துப் பெட்டிக் கட்டடம் பல ஊர்களில் இப்போது ஆட்டுக்குட்டி கட்டும் இடம். அந்தக் கூடுகையை எண்ணி ஏங்கி எழுதுபவர்களைக் காணும்போது, அவர்கள் எந்த வரிசையில் அமர்ந்து பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

படக்குழாய் போய்த் தட்டைத் திரை வந்தபோது அளவின் பொருளே மாறிற்று. விகிதம் பதினாறுக்கு ஒன்பது ஆனது. பழைய 21 அங்குலப் பெட்டியில் கண்ணுக்குத் தெரிந்த பகுதி 20 அங்குலம், உயரம் 12. அதை மாற்றி 24 அங்குலத் தட்டைத்திரை வாங்கியவருக்குக் கிடைத்த உயரம் 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று அங்குலம் கூட்டி வாங்கியும் முகம் சிறுத்துப்போனதே என்று என் சக ஆசிரியர் குறைப்பட்டபோது, பித்தகோரஸ் தேற்றத்தைத் தமிழாசிரியனான நான் விளக்க நேர்ந்தது. அரசும் தன் பங்குக்கு மீண்டும் ஒரு கோடு போட்டது: 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரை 18 விழுக்காடு சரக்கு சேவை வரி, அதற்குமேல் 28. சாமானியனின் திரை 32 அங்குலம் என்பது அதன் உட்கிடை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோடு அழிந்து, எல்லா அளவுக்கும் 18 ஆயிற்று. தம்பி 55 அங்குலம் என்று பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அவன் கணக்கு தவறன்று. உயர்தெளிவுப் படத்துக்கு ஆறு மடங்கு தேவையில்லை. உயரத்தின் மூன்று மடங்கு தொலைவு போதும். 55 அங்குலத்தின் உயரம் 27. மும்மடங்கு ஏழடிக்குச் சற்றுக் குறைவு. அம்மாவின் கட்டிலிலிருந்து சுவர் ஏழடி. நான் மறுத்தேன். அம்மாவின் கேபிள் பெட்டி தருவது பழைய சாதாரணத் தெளிவுப் படம். அதற்குப் பழைய ஆறு மடங்குதான் பொருந்தும். ஏழடியை ஆறால் வகுத்தால் உயரம் 14 அங்குலம். 32 அங்குலத் திரையே அதிகம். கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் ஊதுவதால் எங்கள் வீட்டுச் சுவர் எங்கும் விரிசல்; அதில் ஆணியடித்துப் பெரிய திரையைத் தொங்கவிடவும் முடியாது. மேசைமேல்தான் நிற்க வேண்டும்.

இருவரும் நாடாவை வைத்துக்கொண்டு வாதாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அங்கன இருந்து எதுக்குய்யா அளக்கீக? திண்ணையில இருந்து அளங்க" என்றாள்.

தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கீழத்தெரு அத்தையின் பதினான்கு அங்குலப் பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது. மகன் திருப்பூரில் இருக்கிறான். ஆறேழு ஆண்டுகளாக மாலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மா எத்தனையோ முறை உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டாள். அவர் வருவதில்லை. திண்ணையில் தூணோரம் அமர்ந்து, நிலைவாசல் வழியாகவே பார்க்கிறார். அது தாத்தா பெட்டி வைத்த அதே இடம், அதே நேர்கோடு.

அளந்தோம். திண்ணைத் தூணிலிருந்து சுவர் வரை பதினோரடி. ஆறால் வகுத்தால் 22 அங்குல உயரம். 43 அங்குலத் திரையின் உயரம் 21. அதை வாங்கி வந்து, நிலைவாசலுக்கு நேரே வைத்தோம். அன்று மாலை அத்தை வந்தார். அம்மா வழக்கம்போல உள்ளே கூப்பிட்டாள். "இங்கயே நல்லாத் தெரியுதுக்கா" என்று சொல்லித் தூணில் சாய்ந்துகொண்டார்.