உடலின் அகச் சமநிலை

வெயிலோ குளிரோ, பசியோ தாகமோ, வெளியே எது மாறினாலும் ரத்தத்தின் வெப்பம், சர்க்கரை, உப்பு, நீர், அமில-கார அளவு ஆகியவற்றைக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்க உடல் செய்யும் வேலையே அகச் சமநிலை (ஹோமியோஸ்டாசிஸ்). நலமாக இருக்கும் ஒருவரின் உள்ளுடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கும். வெறும் வயிற்றில் எடுத்த 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். பார்க்க அசையாதவைபோலத் தெரியும் இந்த எண்கள், உண்மையில் நுரையீரலும் சிறுநீரகமும் கல்லீரலும் தோலும் நரம்புகளும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதால் நிற்பவை. மருத்துவம் இதைப் புரிந்துகொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின.

சமநிலை குலைவதே நோய் என்ற எண்ணம் மிகப் பழையது. கிரேக்க மருத்துவர்கள் ரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கைச் சொன்னார்கள். சித்தமும் ஆயுர்வேதமும் வாதம், பித்தம், கபம் என்றன. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், இம்மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய்தான் என்ற கருத்தோடுதான் தொடங்குகிறது. ஆழமான பார்வைதான். ஆனால் எது எவ்வளவு மிகுந்தது, எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்ல அன்று கருவி கிடையாது.

அளவையைக் கையில் எடுத்தவர்களில் முன்னோடி இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சாந்தோரியோ (1561–1636). பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தே உண்டு, உண்டதையும் கழித்ததையும் நிறுத்துப் பார்த்தார். ஒரு நாளில் எட்டு ராத்தல் உணவும் நீரும் உள்ளே போனால், அதில் ஐந்து ராத்தல் வரை கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறுகிறது என்று 1614இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். எடை மாறாமல் இருக்கும் உடலுக்குள் எவ்வளவு வரவு செலவு நடக்கிறது என்பதற்கு அதுவே முதல் கணக்கு.

1775இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் வெளியிட்ட சோதனையும் படிப்பவரை இன்றும் வியக்க வைக்கும். நண்பர்கள் சிலரோடு அவர் சூடேற்றிய அறைக்குள் நுழைந்தார். அறையின் வெப்பம் ஒரு கட்டத்தில் 260 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அவர்களோடு அதே சூட்டில் வைத்த முட்டை இருபது நிமிடத்தில் கெட்டியாக வெந்தது. மாட்டிறைச்சித் துண்டும் வெந்தது. மனிதர்கள் வேகவில்லை. உடல் வெப்பம் பெரிதாக ஏறவும் இல்லை. கூடையில் வைத்து உள்ளே கொண்டுபோன நாயும் நலமாகத் திரும்பியது. வியர்வை ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது என்பதை அறிய இந்தச் சோதனைகள் வழிவிட்டன.

இந்த வரலாற்றின் நடுநாயகம் பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோத் பெர்னார்து (1813–1878). திராட்சைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்து, லியோன் நகரில் மருந்துக் கடையில் வேலை கற்றவர். நாடக ஆசிரியராகும் கனவோடு பாரிசுக்கு வந்து மருத்துவம் பக்கம் திரும்பியவர். தாவரங்கள் மட்டுமே சர்க்கரை செய்யும், விலங்குகள் அதை எரிக்க மட்டுமே செய்யும் என்பது அக்காலத்து நம்பிக்கை. 1848இல் பெர்னார்து, இறைச்சி மட்டுமே தின்ற நாயின் கல்லீரலிலிருந்து வெளிவரும் ரத்தத்தில் சர்க்கரையைக் கண்டார். உணவில் இல்லாத சர்க்கரை எங்கிருந்து வந்தது? 1855இல், வெட்டியெடுத்த கல்லீரலின் ரத்தக் குழாய்களில் நீரைப் பாய்ச்சி, சர்க்கரையின் தடயமே இல்லாதவரை கழுவினார். மறுநாள் சோதித்தபோது அதே கல்லீரலில் மறுபடியும் சர்க்கரை ஊறியிருந்தது. 1857இல் அதன் மூலப்பொருளான கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் சேமித்து வைத்து, வேண்டும்போது அவிழ்த்துவிடும் களஞ்சியம் என்பது நிலைபெற்றது.

இதிலிருந்தே அவருடைய பெரிய கருத்து வளர்ந்தது. செல்கள் வாழ்வது காற்றிலோ வெயிலிலோ அல்ல. தம்மைச் சூழ்ந்த ரத்தமும் நிணநீரும் ஆன ‘அகச் சூழலில்’. அந்தச் சூழல் மாறாமல் இருப்பதால்தான் உயரின விலங்குகளால் வெளியுலகின் பிடியிலிருந்து விடுபட்டு வாழ முடிகிறது. இந்த அறிவுக்கு அவருடைய சோதனை விலங்குகள் கொடுத்த விலை கொடியது. அதை எதிர்த்த மனைவியும் மகள்களும் அவரை விட்டுப் பிரிந்தார்கள். அதைச் சொல்லாமல் பெர்னார்தின் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

அவர் கருத்துக்கு உரிய கவனம் கிடைக்க ஒரு தலைமுறை ஆயிற்று. அகச் சூழலை மூச்சு எப்படிக் காக்கிறது என்பது அப்படித் தெளிவானவற்றில் ஒன்று. 1905இல் இங்கிலாந்தின் உடலியல் அறிஞர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும், நுரையீரல் காற்றில் கரியமில வாயு 0.2 விழுக்காட்டளவு கூடினாலே காற்றோட்டம் இரு மடங்காவதைக் காட்டினார்கள். சாதாரணமாக நம் மூச்சின் வேகத்தை ஆள்வது ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல, கரியமில வாயுவே.

ஹோமியோஸ்டாசிஸ் என்ற பெயரை 1926இல் வைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் (1871–1945). எக்ஸ் கதிர் அறிமுகமான புதிதில் அதைக்கொண்டு விலங்குகளின் இரைப்பை அசைவைப் பார்த்து வந்தவர், பூனை கலவரமடைந்ததும் அந்த அசைவு சட்டென நின்றுவிடுவதைக் கவனித்தார். அச்சமும் சினமும் உடலை என்ன செய்கின்றன என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. ஆபத்தில் அட்ரீனலின் சுரந்து உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ தயார் செய்கிறது என்ற விளக்கம் பின்னர் வந்தது. இந்தத் தயாரிப்பை இயக்கும் பரிவு நரம்புத் தொடரை அவர் முழுவதும் நீக்கிய பூனைகள் ஆய்வகத்தின் இதமான சூழலில் நன்றாகவே வாழ்ந்தன. குளிரில் விட்டபோதுதான் குறை தெரிந்தது: மயிர் சிலிர்க்கவில்லை, உடல் வெப்பத்தைக் காக்க முடியவில்லை. சமநிலை என்பது நெருக்கடியில்தான் சோதிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1932இல் வெளியான ‘உடலின் ஞானம்’ என்ற அவர் நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது.

கேனனோடு பணியாற்றிய மெக்சிகோ அறிஞர் அர்த்துரோ ரோசன்பிளூத், கணித மேதை நோர்பர்ட் வீனரின் நண்பர். பிறழ்வை உணர்ந்து அதற்கு எதிர்த்திசையில் செயல்படும் ‘எதிர்மறைப் பின்னூட்டம்’ உடலுக்கும் எந்திரத்துக்கும் பொது என்பதை இவர்கள் 1940-களில் விளக்கினார்கள். சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்வாங்க, கல்லீரல் அதைச் சேமிக்கிறது. அளவு இறங்கியதும் இன்சுலினும் குறைகிறது. பட்டினி நீண்டால் குளுக்ககான் எதிர்வேலை செய்கிறது. இந்தச் சுற்று அறுவதே நீரிழிவு.

பின்வந்தவர்கள் இச்சித்திரத்தைத் திருத்தினார்கள். காத்து நிற்கும் அளவே மாறக்கூடியது: உடல் வெப்பம் விடியலுக்கு முன் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கிறது, காய்ச்சலில் மூளையின் ஹைப்போதலாமஸ் அந்த அளவை உயர்த்திவிடுவதால்தான் உடம்பு சுடும்போதே குளிர்நடுக்கம் வருகிறது. தேவையை முன்கூட்டியே கணித்து உடல் தன் அளவுகளை மாற்றிக்கொள்வதற்கு 1988இல் ஸ்டெர்லிங்கும் அயரும் ‘அலோஸ்டாசிஸ்’ என்று பெயரிட்டார்கள்.

இந்த அறிவு மிகுதியான உயிர்களைக் காத்தது வாந்திபேதியில்தான். குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்தே உறிஞ்சப்படுகின்றன என்று 1960இல் ராபர்ட் கிரேன் கண்டார். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரப் பங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. 2002இல் திருத்தப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்குச் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இந்தக் கணக்கில் செய்யப்படுவதே.