இருட்டறை இல்லாத பல் படம்

போனக்காடு என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது பேய் பங்களா. அடுத்து அகஸ்தியர்கூட மலையேற்றம். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், விதுரா தாண்டி மேலே ஏறினால் வரும் தேயிலை எஸ்டேட் அது. வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்து பறிக்கத் தமிழ்ச் சீமையிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கே லயங்களில் இருக்கிறார்கள் என்பதும், தேயிலைத் தொழிற்சாலை மூடி வருஷக்கணக்காகிறது என்பதும் கொஞ்சம் கீழே போய்த் தேடினால்தான் கிடைக்கும். பேய்க்கு இருக்கிற மவுசு மனுஷனுக்கு இல்லை, என்ன செய்ய :-)

எங்கள் ஆச்சியின் தங்கை குடும்பம் அந்த மலையில்தான் இருந்தது. நானோ கடல் கடந்து வந்து ஒரு பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இங்கே நம்மாட்கள் பிள்ளைகளைக் கூட்டி வரும்போது தவறாமல் கேட்பார்கள்: "தம்பி, சின்னப் பிள்ளைக்கு இந்தக் கதிர் எல்லாம் தேவையா?" நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சின்னப் படத்துக்குப் பின்னால் இருக்கிற கதை தெரிந்தால் பதில் இன்னும் நன்றாகப் புரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியில் ரோன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பர் கடைசியில் கட்டுரை வெளிவந்தது. அடுத்த மாதமே, 1896 ஜனவரியில், பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் டாக்டர் ஓட்டோ வால்காஃப் ஒரு கண்ணாடித் தகட்டைக் கறுப்புத் தாளில் சுற்றி, மேலே ரப்பர் போர்த்தி, தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். அசையாமல் இருந்த நேரம் 25 நிமிஷம்! உலகத்தின் முதல் பல் படம் அப்படித்தான் வந்தது. இன்று நான் ஒரு படம் எடுப்பது ஒரு விநாடியில் சிறு பகுதி நேரம்தான்.

இந்த வேகம் சும்மா வந்ததில்லை. நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்று ஒரு பல் டாக்டர். அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேயைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி. அந்தக் காலத்தில் கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தன் கையையே குறுக்கே நீட்டிப் பார்ப்பார்கள். அவரும் வருஷக்கணக்காக அதையே செய்தார். புற்றுநோய் வந்து விரல்கள் போயின, பிறகு கையே போயிற்று. வலி தாங்காமல் 1928இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இத்தனைக்கும் பாஸ்டனில் வில்லியம் ரோலின்ஸ் என்ற இன்னொரு பல் டாக்டர், 1901இலேயே கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்து, இந்தக் கதிர் உயிரைக் கொல்லும் என்று எழுதியிருந்தார். காதில் வாங்கியவர்கள் குறைவு. இன்று நாங்கள் பட்டனை அழுத்தும் முன் தள்ளிப்போய் நிற்கிறோமே, "எங்களை மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறானே" என்று நினைக்காதீர்கள். நீங்கள் ஒரு நாள் வருகிறீர்கள், நாங்கள் தினமும் நிற்கிறோம். கெல்ஸின் கை கற்றுக்கொடுத்த பாடம் அது.

1913இல் கூலிட்ஜ் நம்பகமான எக்ஸ்ரே குழாயைச் செய்தார். கோடக் கம்பெனி பல்லுக்கென்றே ஃபிலிம் பொட்டலம் விற்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். 1925இல் ஹோவர்ட் ரேப்பர் என்பவர், பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ளும் ஃபிலிம் முறையைக் கொண்டுவந்தார். இரண்டு பல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கிற சொத்தையைக் காட்டிக்கொடுப்பது இதுதான். உங்கள் பிள்ளைகளுக்கு எடுப்பது இன்றும் பெரும்பாலும் இந்தப் படமே.

ஆனால் ஃபிலிமுக்கு ஒரு பரிவாரம் வேண்டும். இருட்டறை, டெவலப்பர், ஃபிக்ஸர், நல்ல தண்ணீர், அளவான சூடு, காய வைக்க நேரம். மருந்து பழசானால் படம் மங்கும். நகரத்தில் இதெல்லாம் சாத்தியம். மலை மேலே? எங்கள் சின்னாச்சிக்குப் பல் வலித்தால் கிராம்பு, உப்புத் தண்ணீர், அப்புறம் வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கீழே இறங்கிப் பிடுங்கிவிட்டு வருவது. வேரில் சீழ் கட்டியிருக்கிறதா, பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கப் படம் வேண்டும். படம் எடுத்தால் சிகிச்சைக்கு இன்னும் நாலு தடவை இறங்க வேண்டும். பிடுங்கினால் ஒரே தடவை. அவர்கள் போட்ட கணக்கில் தப்பில்லை. அதற்கு விலையாகப் போனது பல்.

டாக்டர்களே இல்லாமல் இல்லை. சென்னையில் 1953இலும், திருவனந்தபுரத்தில் 1959இலும் அரசுப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கிவிட்டது. பெரிய கருவிகள் மலையேற முடியாதென்றும் இல்லை. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வுக்கூடத்தில் இருந்த ஜான் ஆலன் புரௌன், 1850களிலேயே அகஸ்தியர் மலை உச்சியில் காந்தப்புலம் அளக்க ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். ஆறாயிரம் அடி உயரத்துக்கு நுட்பமான கருவிகளை அந்தக் காட்டு வழியே ஆள் சுமந்து கொண்டுபோனார்கள். பூமியின் காந்தத்தை அளக்க வழி கிடைத்த மலைக்குக் கூலிக்காரியின் கடைவாய்ப்பல்லைப் பார்க்க வழி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் சி.சி.டி. என்கிற சில்லைக் கண்டுபிடித்தார்கள் (2009இல் நோபல் கிடைத்தது). ஒளியை மின்சாரமாக மாற்றிப் படமாக்கும் சில்லு. பிரான்சின் துலூஸ் நகரத்துப் பல் டாக்டர் ஃபிரான்சிஸ் முயேன், எக்ஸ் கதிரை ஒளியாக மாற்றும் ஒரு திரையை இதனோடு சேர்த்து வாய்க்குள் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1980களின் நடுவில் கருவி உருவாகி, 1987இல் டிரோஃபி என்ற பிரெஞ்சுக் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் ரேடியோ விசியோ கிராஃபி. ஊரில் பல் டாக்டர் "ஒரு ஆர்.வி.ஜி. எடுத்துருவோம்" என்று சொல்வாரே, அது இதுதான். நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆன மாதிரி, எந்தக் கம்பெனி சென்சாராக இருந்தாலும் நம்மூரில் ஆர்.வி.ஜி.தான்.

இதனால் என்ன லாபம்? இருட்டறை போச்சு, மருந்து போச்சு, தண்ணீர் போச்சு. படம் சில விநாடியில் திரையில். பெரிதாக்கிப் பார்க்கலாம், பல்லுக்குச் சொந்தக்காரருக்கே காட்டி விளக்கலாம், வேறு ஊரில் இருக்கிற நிபுணருக்கு அனுப்பலாம். பழைய மெதுவான ஃபிலிமோடு ஒப்பிட்டால் கதிர் பாதிக்கும் கீழே. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கடைசியாக வந்த வேகமான ஃபிலிமோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. "உடனே தெரிகிறதே" என்று நாலு தடவை எடுத்தால் மிச்சமானதும் போய்விடும்.

இப்போது அந்தக் கேள்வி. ஒரு சின்ன டிஜிட்டல் பல் படத்தின் கதிர் அளவு சில மைக்ரோசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சராசரி மனிதனுக்கு ஒரு வருஷத்தில் தானாகவே கிடைப்பது சுமார் 2400 மைக்ரோசீவர்ட். அதாவது ஒரு படம் என்பது கிட்டத்தட்ட ஒரு நாள் உயிரோடு இருப்பதற்குச் சமம். 1909இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க் மோனசைட் மணலைக் கண்டறிந்த மணவாளக்குறிச்சி, கொல்லம் பக்கத்துச் சவரா மாதிரி கடற்கரைகளில் இயற்கைக் கதிரே இதைவிட அதிகம். அதற்காக அலட்சியமும் வேண்டாம். வருஷா வருஷம் கடமைக்கு எடுப்பது தேவையில்லை. டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள். போன வருஷப் படம் இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஈய அங்கி போடவில்லையே என்றும் பதற வேண்டாம். கதிர் இப்போது பல்லின் மேல் மட்டும் விழும்படி குறுக்கப்படுவதால், அங்கியும் கழுத்துப்பட்டையும் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது.

கடைசியாக, இந்தப் படத்தால் முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கன்னத்திலும் நாக்கிலும் தொடங்குகிற புற்று எக்ஸ்ரேயில் தெரியாது. அது தாடை எலும்பை அரித்த பிறகுதான் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். அதற்கு வழி காட்டியது இதே திருவனந்தபுரம் மாவட்டம்தான். வட்டாரப் புற்றுநோய் மையத்தார் 1996இல் தொடங்கி, 13 பகுதிகளில் 35 வயது தாண்டிய சுமார் 1,90,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேரின் வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கண்ணால் பார்த்தார்கள். 2005இல் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம், பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைவு. உலகமே மேற்கோள் காட்டுகிற ஆய்வு.

ஆக, மலையில் இருக்கிற சனத்துக்கு இரண்டும் வேண்டும். வாயைத் திறந்து பார்க்க ஆள், பிடுங்கும் முன் பார்க்க ஒரு படம். முன்பு இருட்டறையைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது என்றார்கள். இன்று ஒரு சென்சார், ஒரு மடிக்கணினி, முறையாகப் பதிவு பெற்ற ஒரு சின்னக் கருவி, அதை இயக்கத் தெரிந்த ஆள் இருந்தால் ஒரு ஜீப்பில் அடங்கிவிடும். அந்தச் சாக்கு இனி செல்லாது.

நாம் இங்கிருந்து செய்யக்கூடியதும் உண்டு. ஊருக்குப் போனால் அம்மா அப்பாவின் பல் படங்களைக் கேட்டு வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை புகையிலை போடுகிற பெரியவர்கள் இருந்தால் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் என்று எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று சங்கங்களில் பணம் சேர்க்கும்போது, கோயில் கொடைக்கு எழுதுகிற சீட்டிலேயே ஒரு பல் முகாமுக்கும் எழுதுங்கள்.