டெனார் எங்கே போனாள்?

தொடர் நாவலின் இரண்டாம் புத்தகம் பெரும்பாலும் முதல் புத்தகத்தின் மேல் ஏறும் வட்டிதான். அதே நாயகன், வேறு எதிரி, இன்னும் கொஞ்சம் கடல். உர்சுலா லெ குவின் இந்தக் கணக்கை ஏற்கவில்லை.

பெர்க்லியின் பர்னாஸஸ் பதிப்பகம் வளரும் பிள்ளைகளுக்கென ஒரு நாவல் கேட்டதில் பிறந்தது, 1968-ல் வந்த 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'. தீவுகள், படகு, தன் நிழலோடு மோதும் கெட் என்ற மந்திரவாதி. 1971-ல் நூலான 'த டூம்ஸ் ஆஃப் அடுவான்' நடப்பதோ கடல் எட்டாத வறண்ட நிலத்தில். டெனார் என்ற சிறுமியின் பெயரைப் பறித்து, 'அர்ஹா', அதாவது விழுங்கப்பட்டவள் என்றாக்கிக் கல்லறைகளுக்குப் பூசாரிணியாக வைக்கிறார்கள். விளக்குக்கு அனுமதியற்ற நிலவறையை அவள் விரல்களால் தடவியே கற்கிறாள். பல அத்தியாயங்கள் கழித்து அங்கே ஒரு வெளிச்சம்: கெட். முன்பு நாம் யார் பக்கம் நின்று உலகைப் பார்த்தோமோ அவன், அவள் பார்வையில் வெறும் திருடன். இந்த இடமாற்றத்தைவிடத் துணிச்சலான காரியம் இவ்வகை நாவல்களில் குறைவு.

ஆனால் அவளுக்குப் பெயரைத் திருப்பித் தருபவனும் அவனே. வெளியே வந்தவளை என்ன செய்வதென்று நாவலுக்குத் தெரியவில்லை. தன் குரு ஒகியனிடம் சேர்ப்பதாகக் கெட் சொல்வதோடு சரி. 1972-ன் மூன்றாம் நூலில் அவள் பாத்திரமாக வரவேயில்லை. தொடரும் முத்தொகுதி என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

1990-ல் 'தெஹானு'. ஒகியனின் வித்தையை உதறி, குடியானவன் ஒருவனை மணந்து, பிள்ளை பெற்று, விதவையாகி நிற்கிறாள் டெனார். இம்முறை சக்தியெல்லாம் இழந்து அவளிடம் வந்து சேர்கிறவன் கெட்.